கத்தரிக்கோல் முத்திரைக் கவரும் சபாபதி முதலியாரும்

சென்ற மாதம் சேலத்தில் நடந்த தபால்தலைக் கண்காட்சிக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். போனேன். முப்பத்தாறு சட்டங்கள் மாட்டியிருந்தார்கள். அவற்றில் ஐந்தில் பழைய கவர்களைச் செல்லோடேப்பால் ஒட்டியிருந்தார்கள். இரண்டு சட்டங்களுக்கு நேரே வெயில் அடித்தது. ஒரு பையன் பஜ்ஜி தின்ற விரலால் ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொன்னேன். அவனுக்கு வருத்தம். எனக்கு அவனைவிட அதிக வருத்தம்.

கிளம்பும்போது சங்கத்துச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இப்ப எல்லாத்துக்கும் லேம்ப் வந்துடுச்சு சார், ஊதா வெளிச்சம். போலி முத்திரை உடனே தெரிஞ்சுபோகும். அந்தக் காலத்துல எப்படிச் சமாளிச்சீங்க? எழுதிக் கொடுங்களேன்" என்றார். எழுதுகிறேன். ஆனால் நான் எழுதினால் என்னைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சபாபதி முதலியாரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதலியார் தபால் இலாகாவில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டு மாடியறையில் ஒரு விசித்திரமான தொழில் நடத்தினார். அமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த கடிதங்களின் உறைகளைத் தேடிப் பிடித்து, ஆராய்ந்து, விவரம் எழுதி, சேகரிப்பாளர்களுக்கு விற்பது. கடிதம் அவருக்கு வேண்டாம். உறைதான் வேண்டும். அதன்மேல் தபால்தலையும் முத்திரைகளும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இப்படிப்பட்ட உறையைத்தான் எங்கள் தொழிலில் கவர் என்போம்.

சேலத்தில் அமெரிக்கக் கவர் எங்கிருந்து வரும் என்று கேட்காதவர்கள் இல்லை. மிஷன் பங்களாக்களின் பரணில் இருந்தது. ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்களின் டிரங்குப் பெட்டிகளில் இருந்தது. பருத்தி வாங்கிய கம்பெனிகளின் கிடங்குகளில் இருந்தது. பெரும்பாலும் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அழிந்திருக்கும். வாழப்பாடியில் ஒரு மண்டிக்காரர் நாற்பத்திரண்டு தபால்தலைகளை அழகாகச் சதுரம் சதுரமாக வெட்டியெடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, சுத்தமாக உரித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். உறைகளை அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டார். "அழுக்குக் காகிதமெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க, தலையை மட்டும் சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன்" என்று அவர் பெருமையாகச் சொன்னபோது முதலியார் கும்பிடு போட்டு வெளியே வந்தார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, கோர்ட்டில் நகல் எழுதிக்கொண்டிருந்தவன். என் கையெழுத்தைப் பார்த்து அவர் கூப்பிட்டுக்கொண்டார். முதல் இரண்டு வருஷம் எனக்கு வேலை எண்ணுவது. தபால்தலை ஓரத்துப் பற்களை எண்ணுவது, முத்திரை வளையத்துக்குள் எழுத்துகளை எண்ணுவது. என் குணத்துக்குப் பொருத்தமான வேலை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அவருடைய முறையைச் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகள் யாரும் அதைப் பின்பற்றப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

கவர் பார்ப்பது காலை வெளிச்சத்தில் மட்டும். வடக்குப் பக்கத்து ஜன்னல் திறந்திருக்கும், மற்ற மூன்றும் சாத்தியிருக்கும். சீயக்காய் போட்டுக் கை கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோப்பு போதாது என்பார். வெற்றிலை, பொடி இரண்டும் கூடாது. விசிறி கூடாது. கோடையில் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். கறுப்புத் துணிமேல் கவரை வைத்துப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். "முகப்பு ஆளை மயக்கும், முதுகுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது" என்பது அவர் பேச்சு.

பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு குறியாகச் சொல்வார். நான் எழுதுவேன். முடிந்ததும் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு இடம் மாறிக்கொள்வோம். இப்போது நான் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் எழுதுவார். அவர் சொன்னதைச் சொல்லக் கூடாது, நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். ஒரு குறி வித்தியாசப்பட்டாலும் மறுநாள் காலை மறுபடி முதலிலிருந்து. ஒத்துப்போனால்தான் விவரச் சீட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். சம்பளக்காரனின் கையெழுத்து முதலாளியின் கையெழுத்துக்குச் சமமாகப் பக்கத்தில் இருக்கும். அப்படி ஒரு சீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் சேகரிப்பாளர்கள் கவரைப் பார்க்காமலே எங்கள் சீட்டை நம்பிப் பணம் அனுப்பினார்கள். முதலியாருக்குச் சொத்து என்று இருந்தது அந்த நம்பிக்கைதான்.

இனி அந்தக் கவர்.

ராசிபுரத்தில் ஆறுமுகம் என்று ஒரு நெசவாளி. அவருடைய பாட்டனார் தமிழ் படித்தவர். ஏற்காட்டில் தோட்டம் போட்டிருந்த ஓர் அமெரிக்கருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். அமெரிக்கர் ஊர் திரும்பிய பிறகு தன் வாத்தியாருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஆறுமுகம் கடிதத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, உறையை மட்டும் எங்களிடம் விற்றார்.

கறுப்புத் துணிமேல் பின்பக்கம் பார்த்து முடித்து, முகப்பைத் திருப்பியதும் முதலியார் அப்படியே குனிந்துகொண்டார். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் சின்ன ஊர்த் தபாலாபீஸ்களில், தபால்தலையை அடித்துச் செல்லாததாக்க போஸ்ட்மாஸ்டர்களே புட்டித் தக்கையைச் செதுக்கி முத்திரை செய்துகொள்வார்கள். நட்சத்திரம், இலை, கட்டம் என்று அவரவர் மனம்போல. இந்தக் கவரில் இருந்தது திறந்த கத்தரிக்கோல். இரண்டு வளையமும் இரண்டு அலகும் தெளிவாக விழுந்திருந்தன. அப்படி ஒன்றை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

"தக்கையில இந்த அலகைச் செதுக்கக் கை எவ்வளவு நிதானமா இருந்திருக்கணும்! ராமலிங்கம், அந்த மனுஷன் தையற்காரனா இருந்திருப்பானோ?"

"போஸ்ட்மாஸ்டர் சம்பளம் பத்தாம தைச்சிருப்பாருங்க ஐயா."

"இலாகாவைப் பத்தி அப்படிச் சொல்லாதீர்" என்றார். ஆனால் சிரித்தார்.

ஊதா நிறத் தபால்தலை. அந்த நாட்டின் முதல் தலைவருடைய முகம். கத்தரிக்கோலின் கறுப்பு மை பாதி தலையிலும் பாதி உறையிலுமாக விழுந்திருந்தது. லண்டன் வழியாக வந்ததால் சிவப்பு முத்திரைகள், பிறகு சென்னை, சேலம். அவர் பதினொரு குறிகள் சொன்னார். நானும் பதினொன்று சொன்னேன். இரண்டு தாளும் எழுத்துக்கு எழுத்து ஒத்தன. திருச்சியில் ஓய்வு பெற்ற ரயில்வே இன்ஜினியர் வேதாசலம் என்பவர் சீட்டைப் படித்துவிட்டு உடனே வாங்கிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. முதலியார் அதைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். தபால்தலையில், தலைவரின் நெற்றிக்கு நடுவில் சிவப்பாக ஒரு தடம் இருக்கிறது. அது வேறொரு முத்திரையின் மிச்சம். ஆகவே அந்தத் தலை வேறு ஏதோ உறையில் அடிபட்டு, கழுவப்பட்டு, இதில் ஒட்டப்பட்டது. கத்தரிக்கோலும் பிற்பாடு வரைந்ததே. பார்த்தால் தெரியக்கூடிய சிவப்பை உங்கள் சீட்டில் மறைத்திருக்கிறீர்கள். அடுத்த வாரம் கவரோடு நேரில் வருகிறேன். திருப்தியான பதில் இல்லையென்றால் சீட்டின் நகலோடு எல்லாச் சேகரிப்பாளர்களுக்கும் எழுதுவேன். இவ்வளவும் ஒரே பக்கத்தில்.

"நெத்தியில சிவப்பா?" என்றார் முதலியார். அலமாரியிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்தார். பதினொன்று, பதினொன்று. நெற்றி என்ற வார்த்தையே இல்லை.

நான் கண்ணை மூடி அந்தத் தலையை மனத்தில் கொண்டுவந்து பார்த்தேன். ஊதா நிறம், வெண்மயிர், மூக்கு, நெற்றி.

"இருந்துதுங்க ஐயா" என்றேன்.

"என்ன இருந்தது?"

"பொட்டு."

அவர் இரண்டு தாளையும் கவிழ்த்து வைத்தார். "ஆமாம், பொட்டு இருந்தது. நானும் பார்த்தேன்" என்றார்.

படிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பல் எண்ணி, எழுத்து எண்ணி, இருவர் மாறி மாறிப் பார்த்து, கண்ணுக்கு நேரே இருந்ததை விட்டிருக்கிறோம். மறைக்கவில்லை, மறக்கவுமில்லை. ஒரு முகத்தின் நெற்றியில் குங்குமம் இருப்பது எங்கள் இருவர் கண்ணுக்கும் ஒரு செய்தியாகவே படவில்லை. மூக்கு இருக்கிறது என்று எழுதுவோமா? அப்படித்தான்.

"ரெண்டு பேர் பார்த்தா தப்பு வராதுன்னு இருந்தேன். ரெண்டு பேரும் ஒரே மண்ணுல வளர்ந்தவங்க, ராமலிங்கம். நாலு கண்ணு இருந்தும் ஒரு பார்வைதான் பார்த்திருக்கோம்" என்றார்.

"அது பொட்டுன்னு எழுதிப் போட்டுடலாமுங்களே."

"நமக்குப் பொட்டு. அவருக்கு அது முத்திரை. சொன்னா போதாது. அந்தக் கவர் இருந்த வீட்டுக்கு முதல்ல போகணும்."

மறுநாள் ராசிபுரம் போனோம். ஆறுமுகத்தின் வீட்டில் மூன்று தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்களைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. கவரைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். வாங்கிய தொகைக்கு நூல் எடுத்துத் தறியில் ஏற்றியாகிவிட்டது.

"ஏனுங்க, அதுல ஏதாச்சும் குத்தமுங்களா?"

"குத்தம் ஒண்ணுமில்லை. அந்த உறையில சிவப்பா ஏதாவது நீங்க வெச்சீங்களான்னு கேக்க வந்தோம்."

"இல்லீங்க! நாங்க தொடவே மாட்டமுங்க. பொட்டியில வெச்சா வெச்சபடி" என்றார் அவசரமாக.

உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய தாயார் பாவாயி அம்மாள் இராட்டையை நிறுத்தினார். "ஏண்டா பொய் சொல்றே? வருசா வருசம் ஆயுத பூசைக்கு எடுத்து வெக்கறதுதானே?"

"அம்மா, சும்மா இரு."

"நீ சும்மா இரு. வாங்க சாமி, உக்காருங்க. தறிக்கு வெப்பேன், ஊடை நூல் ஓட்டற நாடாவுக்கு வெப்பேன், எங்க மாமனாரு ஏட்டுக்கு வெப்பேன். அந்தக் காயிதத்துல ஒரு பெரியவரு முகம் இருக்குதுங்களே. முகம்னு ஒண்ணு இருந்தா வெறும் நெத்தியாவா உடறது?"

முதலியார் கேட்டார்: "அவர் யாருன்னு தெரியுமாம்மா?"

"எங்க மாமனாருகிட்டப் படிச்ச தொரைன்னு நெனச்சனுங்க. இல்லீங்களா?"

"அந்தத் துரையோட நாட்டுக்கே தலைவர்."

"அப்பப் பொட்டு வெச்சது சரிதானுங்க" என்றார் அம்மாள்.

அந்த இடத்தில் முதலியார் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தறிகள் நின்றுவிட்டன. ஆறுமுகத்துக்கு மட்டும் பயம் போகவில்லை. "இதனால வெலை போகாதுங்களா? திரும்பிக் குடுத்துருவீங்களா?" என்று வாசல்வரை கேட்டுக்கொண்டே வந்தார். "நான் உங்ககிட்ட வாங்கியாச்சு. இனி நட்டம் வந்தா அது என்னோடது, உங்களுதில்லை. தறியை ஓட்டுங்க" என்று முதலியார் சொன்னார்.

வரும்போது அம்மாளிடம் ஒரு சிட்டிகை குங்குமம் கேட்டு வாங்கி, மடித்த காகிதத்தில் வைத்துக்கொண்டார். கடையில் வாங்கியதா என்று கேட்டதற்கு, "மஞ்சக் கெழங்கு, வெங்காரம், எலுமிச்சங்காய் போட்டு நானே இடிக்கறதுங்க. கடைக் குங்குமம் நெத்தியப் புண்ணாக்கிப் போடும்" என்றார்.

இன்ஜினியர் சொன்ன நாளில் வந்தார். உயரமானவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், காபி வேண்டாம் என்றுவிட்டார்.

"விளக்கம் தயாரா வெச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன் முதலியார்."

"விளக்கம் அப்புறம். முதல்ல கண்ணால பாருங்க. உங்க கவரை நீங்களே கறுப்புத் துணியில வையுங்க, நாங்க தொடலை."

நான் மூன்று வெள்ளைப் பீங்கான் தட்டுகளை வைத்தேன். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து முதல் நாளே தெளியவைத்திருந்தேன். முதலாவது தட்டில் ராசிபுரத்துக் குங்குமத்தில் ஒரு துணுக்கு. மூன்றாவது தட்டில், விற்காமல் கிடந்த கிழிந்த ஓர் உறையின் லண்டன் சிவப்பு முத்திரையிலிருந்து பிளேடால் சுரண்டிய துகள். நடுத் தட்டு காலி.

"இன்ஜினியர் சார், தலையில இருக்கிற அந்தச் சிவப்பைப் பூதக்கண்ணாடியில பாருங்க. மை காகித நாருக்குள்ள இறங்கியிருக்கும். இது எப்படி இருக்கு?"

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "தூளா மேல உட்கார்ந்திருக்கு" என்றார். பிறகு, "அதனால எதுவும் நிரூபணம் ஆயிடாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஆகாதுதான்."

முதலியார் மூச்சை அடக்கிக்கொண்டார். உலர்ந்த மெல்லிய தூரிகையின் நுனியால் அந்த நெற்றியை ஒரே ஒரு தடவை தொட்டார். அறுபத்தாறு வயது. கை ஆடினால் தூரிகை ஊதா மையைத் தேய்த்துவிடும், பிறகு எந்த விளக்கத்துக்கும் அர்த்தமில்லை. கை ஆடவில்லை. தூரிகையை நடுத் தட்டின்மேல் தட்டினார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலுமாக இரண்டு துகள் விழுந்தன. மூன்று தட்டிலும் ஈர்க்குச்சி நுனியால் ஒவ்வொரு சொட்டுச் சுண்ணாம்புத் தெளிவை நான் வைத்தேன்.

முதல் தட்டில் சிவப்பு கருத்துக் கரும்பச்சையானது. நடுத் தட்டில் இரண்டு புள்ளியும் அதேபோல் கரும்பச்சையாயின. மூன்றாவது தட்டில் லண்டன் சிவப்பு சிவப்பாகவே கிடந்தது.

இன்ஜினியர் மூன்று தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இது..."

"குங்குமம். வெங்காரம் சேர்த்து இடிச்ச குங்குமம் சுண்ணாம்புல இப்படித்தான் கறுக்கும், மை கறுக்காது. ராசிபுரத்துல ஒரு அம்மா ஆயுத பூஜைக்கு வெச்சது. தலை இந்த உறையோட தலைதான். கத்தரிக்கோல் மை தலையிலேர்ந்து உறைக்கு விட்டுப்போகாம ஓடுது, அதையும் கண்ணாடியில பார்த்துக்குங்க."

அவர் பார்த்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "சரி. நான் அவசரப்பட்டுட்டேன். அந்தப் பொட்டைத் தட்டி எடுத்துட்டுக் கொடுத்துடுங்க, வாங்கிக்கறேன்."

"எடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"லண்டன்காரன் போட்டதை நீங்க எடுக்கச் சொல்லலை. சேலம் ஆபீஸ்ல போட்டதை எடுக்கச் சொல்லலை. வந்து சேர்ந்த வீட்டுல போட்டதை மட்டும் எதுக்கு எடுக்கணும்? விக்கற கவர்லேர்ந்து நான் இதுவரைக்கும் ஒரு குறியையும் எடுத்ததில்லை. வேண்டாம்னா கவர் இங்கேயே இருக்கட்டும், உங்க பணம் மேசையில இருக்கு."

பணம் உண்மையாகவே மேசையில் இருந்தது. அவர் வருவதற்கு முன்பே முதலியார் உறையில் போட்டு வைத்திருந்தார்.

இன்ஜினியர் பணத்தைத் தொடவில்லை. முதலியார் புதுச் சீட்டு ஒன்றை எடுத்தார். பழைய பதினொன்றையும் தம் கையாலேயே எழுதினார். அதற்குக் கீழே, பன்னிரண்டு: தபால்தலையில் நெற்றிமீது குங்குமம், கடிதம் பெற்றவர் குடும்பத்தால் இடப்பட்டது, முதற்சீட்டில் இதைக் குறிக்காதது எங்கள் பிழை. கையெழுத்துப் போட்டு என்னிடம் நகர்த்தினார். நானும் போட்டேன். அவருடைய பத்து வருஷத் தொழிலில் பிழை என்ற சொல் சீட்டில் ஏறியது அன்றுதான். அந்தச் சீட்டு கவரோடு யார் யார் கைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினார். எழுத்து மற்ற வரிகளைவிடச் சிறியதாகக்கூட இல்லை. என் நாளில் எத்தனையோ பெரிய மனிதர்களிடம் வேலை பார்த்துவிட்டேன். தன் பெயர் ஒரு நூலில் தொங்கும்போது தன் பிழையை அதே அளவு எழுத்தில் எழுதிய இன்னொருவரை நான் காணவில்லை.

மை காய்ந்த பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "இன்ஜினியர் சார், குத்தம் சொல்றதுக்காகக் கேக்கலை. என் முறையில ஓட்டை எங்கேன்னு தெரிஞ்சுக்கணும். அந்தச் சிவப்பை நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"போன மாசம்."

"கவர் மூணு மாசமா உங்ககிட்ட இருக்கு."

"ஆமாம்."

"தினம் பார்ப்பீங்களோ?"

"பார்ப்பேன். பெரும்பாலும் பார்ப்பேன்."

"அப்ப போன மாசம்தான் கண்ணுல பட்டுதா?"

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "என் கண்ணுல படலை முதலியார். எங்க கிளப்புல ஒரு வெள்ளைக்காரத் துரை, முந்தி என்கிட்ட வேலை பார்த்தவன். தபால்தலைன்னா என்னன்னே தெரியாது. அவன்கிட்டப் பெருமைக்காகக் காட்டினேன். வாங்கிப் பார்த்த உடனே, 'இவர் நெற்றியில் என்ன இந்தச் சிவப்பு'ன்னு கேட்டான்."

முதலியார் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

இன்ஜினியர்தான் முதலில் சிரித்தார். பிறகு அந்தக் காபியைக் கொண்டுவரச் சொன்னார். அது வருவதற்குள் முதலியாரின் பேனாவை எடுத்து, "எங்கள் பிழை" என்ற வரிக்குக் கீழே, எங்கள் இரண்டு கையெழுத்துக்கும் பக்கத்தில், மூன்றாவதாகத் தம் கையெழுத்தையும் போட்டார்.